டெஸ்ட்டில் எல்லாம் நார்மல், உடம்பு மட்டும் சரியில்லை: கடலூர், புதுச்சேரி மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடலூர் மாவட்டக் கடலோரக் கிராமங்களிலும் புதுச்சேரி எல்லையை ஒட்டிய ஊர்களிலும் மருத்துவ சமூகப் பணியாளராக வேலை செய்கிறேன். முகாம், மகளிர் குழுக் கூட்டம், ஆஸ்பத்திரி வராண்டா என்று எங்கே உட்கார்ந்தாலும் சில கேள்விகள் தவறாமல் வந்துவிடும். அவற்றை ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. எந்த மாத்திரை, எவ்வளவு நாள் என்பதை உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். நான் சொல்லும் ஆட்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

ஈசிஜி, எக்கோ, ரத்தப் பரிசோதனை எல்லாமே நார்மல். ஆனாலும் நெஞ்சு படபடப்பு நிற்கவில்லை. வீட்டில் "நடிக்கிறா" என்கிறார்கள். உண்மையில் எனக்கு என்னதான்?

படபடப்பு நிஜம். அதில் நடிப்பு ஒன்றும் இல்லை. பயமோ கவலையோ வந்தால் உடம்பு அட்ரினலின், கார்ட்டிசால் என்ற ஹார்மோன்களைச் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கும், கை வியர்க்கும், வயிறு புரட்டும், கழுத்துத் தசை இறுகும். ஓடித் தப்பிக்க வேண்டிய ஆபத்துக்காக உடம்பு வைத்திருக்கும் ஏற்பாடு இது. நாய் துரத்தினால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். கடனோ, வீட்டுச் சண்டையோ, நாளைய சாப்பாட்டுக் கவலையோ துரத்தினால் மாதக்கணக்கில் நீளும். இதயத்தின் அமைப்பிலோ துடிப்பின் ஒழுங்கிலோ கோளாறு இல்லாதவரை ஈசிஜியில் பெரிதாக ஒன்றும் தெரியாது.

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் எடுத்துக் கூடையில் விற்கும் ஓர் அம்மா, மூன்று இடத்தில் ஈசிஜி எடுத்துவிட்டு வந்தார். மூன்று தாளையும் பிளாஸ்டிக் கவரில் பத்திரமாகச் சுருட்டி வைத்திருந்தார். "எப்பெப்போ வருதும்மா?" என்று கேட்டேன். "எப்பவும்தான் வருது" என்றார். "நேத்து வந்துச்சா?" "இல்ல." "முந்தாநாள்?" யோசித்தார். "செவ்வாக்கெழமைதான் ஜாஸ்தி." செவ்வாய்க்கிழமை காலையில்தான் குழு லோன் தவணை கட்டும் கூட்டம். ஒருத்தர் கட்டாவிட்டால் மற்ற பெண்கள் எல்லாரும் அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்க வேண்டும். திங்கள் இரவே அவருக்குத் தூக்கம் போய்விடும். செவ்வாயையும் படபடப்பையும் அவரே அதுவரை சேர்த்துப் பார்த்ததில்லை. ஈசிஜி எடுத்துக் கொடுத்தவர்களும் கேட்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. தைராய்டு கூடுதலாகச் சுரந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் இதே படபடப்பு வரும். அந்த இரண்டு பரிசோதனையையும் செய்யாமல் "டென்ஷன்தாம்மா" என்று யாராவது சீட்டை மூடினால் விடாதீர்கள், கேட்டு வாங்குங்கள்.

அந்த அம்மாவுக்கு என்ன செய்தீர்கள்? கடனை அடைத்துக் கொடுக்க முடியுமா என்ன?

முடியாது. ஆனால் மூச்சுப் பயிற்சி மட்டும் சொல்லிக் கொடுத்து அனுப்பவும் மனம் வராது. சில விதிகள் அவருக்குத் தெரியவே இல்லை. ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு அடமானம் இல்லாமல் தருவதுதான் மைக்ரோ பைனான்ஸ் கடன். அந்தக் குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி புதுக் கடன் தரக் கூடாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பிறகும் வசூலுக்குத் தொல்லை கொடுக்கக் கூடாது. மிரட்டுவது, அசிங்கமாகப் பேசுவது, உறவினரைத் தொந்தரவு செய்வது எதுவும் கூடாது. முதலில் கடன் கொடுத்த நிறுவனத்திடமே எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். அங்கே தீரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் 14448 எண்ணில் வழி கேட்கலாம்.

இதெல்லாம் தெரிந்ததும் கடன் குறைந்துவிடவில்லை. ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு வாசலில் நிற்கிறவரிடம் "நாளைக்குக் காலைல வாங்க" என்று சொல்ல ஒரு பிடி கிடைத்தது. என் அனுபவத்தில், நிலைமை முழுசாக மாறாவிட்டாலும் அதில் கொஞ்சமாவது தன் கையில் இருக்கிறது என்று ஆனாலே தூக்கம் திரும்ப ஆரம்பிக்கிறது.

பணக்காரர்களுக்கும்தானே டென்ஷன்? பெரிய ஆபீசர்களுக்குத்தான் ஹார்ட் அட்டாக் வரும் என்பார்களே?

அப்படித்தான் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். லண்டனில் 1967-ல் அரசு ஊழியர்களை வைத்து ஓர் ஆய்வு தொடங்கினார்கள். ஒயிட்ஹால் ஆய்வு என்று பெயர். மைக்கேல் மார்மட் என்ற மருத்துவர் அதன் முடிவுகளை அலசியபோது நேர் எதிரான படம் தெரிந்தது. இதய நோயால் இறப்பது மேலதிகாரிகளைவிடக் கடைநிலை ஊழியர்களிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு. பீடி சிகரெட், கொழுப்பு, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் வித்தியாசம் முழுசாக மறையவில்லை. இவர்களில் யாரும் பட்டினி கிடந்தவர்கள் இல்லை, எல்லாரும் மாதச் சம்பளக்காரர்கள். இலவச மருத்துவமும் இருந்த நாடு. அப்படியிருந்தும் படிக்குப் படி ஆயுள் வேறுபட்டது.

பிறகு 1985-ல் தொடங்கிய இரண்டாவது ஆய்வில், வேலை அதிகம் என்பதைவிட, தன் வேலையில் தனக்கு எந்த முடிவும் எடுக்க உரிமை இல்லை என்பது பெரிய காரணமாக வெளிப்பட்டது. நெய்வேலியிலோ சிப்காட் தொழிற்பேட்டையிலோ ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பக்கத்தில் நிற்கும் நிரந்தரத் தொழிலாளி செய்யும் அதே வேலை. நாளைக்கு வேலை உண்டா என்பது ராத்திரி வரும் போனில்தான் தெரியும்.

கவலையால் சுகர் வருமா?

கவலை மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. பரம்பரை, உடல் பருமன், உட்கார்ந்தே இருப்பது, சோற்றின் அளவு எல்லாம் உண்டு. ஆனால் மேலே சொன்ன ஹார்மோன்கள் கல்லீரலில் இருக்கும் சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடும். ஏற்கெனவே சுகர் இருப்பவருக்கு வீட்டில் ஒரு பிரச்சினை வந்தால் அளவு எகிறுவது இதனால்தான். தூக்கம் கெட்டால் பசியும் கூடும், அதுவும் இனிப்பும் எண்ணெய்ப் பலகாரமுமாகத் தேடும்.

புதுச்சேரிக்காரர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் நாடு தழுவிய ஆய்வில் நாட்டுச் சராசரி 11.4 சதவீதம், புதுச்சேரியில் 26.3 சதவீதம். கோவாவுக்கு அடுத்து நாட்டிலேயே இரண்டாவது. நான்கு பெரியவர்களில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் என்று அர்த்தம். இன்னொன்றும் உண்டு: சுகர் இருப்பவர்களிடம் மனச்சோர்வு மற்றவர்களைவிட அதிகம். மனச்சோர்வு வந்தால் மாத்திரை போடவும் நடக்கவும் மனம் வராது, சுகர் இன்னும் ஏறும். "மாத்திரை ஒழுங்கா போடறதில்ல" என்று திட்டும் முன், ஏன் போடவில்லை என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

சுனாமி முடிந்து இத்தனை வருஷம் ஆகிவிட்டது. அம்மா இன்னும் டிசம்பர் வந்தால் தூங்குவதில்லை, மழை பலமாகப் பெய்தால் மூட்டை கட்டி வைக்கிறார். இது நோயா?

மூட்டை கட்டி வைப்பது நோய் என்று நான் சொல்ல மாட்டேன். நம் கரையில் அது புத்திசாலித்தனமும்கூட. 2004 டிசம்பர் 26-ல் கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டோர் போனார்கள். தேவனாம்பட்டினத்தில் அன்று காலை கரையில் இருந்தவர்களிடம் கேட்டால், கடல் உள்வாங்கியதை இன்றும் கண்ணால் பார்ப்பதுபோல் சொல்வார்கள். பிறகு 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. பலா என்பது தாத்தா வைத்துப் பேரன் அறுக்கும் மரம். பயிர் போனால் அடுத்த போகம் உண்டு. அது அப்படி இல்லை. 2015 வெள்ளம். 2024 நவம்பர் 30 ராத்திரி பெஞ்சல் புயல். அடுத்த நாட்களில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து ஊருக்குள் நுழைந்தது. உங்கள் அம்மாவின் உடம்பு தப்புக் கணக்குப் போடவில்லை.

எப்போது உதவி தேவை என்றால்: அந்த நாள் கனவிலும் நினைவிலும் திரும்பத் திரும்ப இப்போது நடப்பதுபோல் வருகிறது, கடற்கரைப் பக்கமே போக முடியவில்லை, சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடுகிறது, வீட்டு வேலையோ தொழிலோ நடக்கவில்லை. இதற்குச் சிகிச்சை உண்டு. இருபது வருஷம் கழித்தும் பலன் தரும்.

சுனாமிக்குச் சில மாதங்களில் தமிழகத்தின் ஒரு மீனவ கிராமத்தில் எடுத்த ஆய்வில், பெரியவர்களில் 12.7 சதவீதம் பேருக்கு இந்தப் பாதிப்பு இருந்தது. அதில் என்னை நிறுத்தியது அந்தச் சதவீதம் அல்ல. அதே அலை, அதே ஊர். ஆனால் வருமானம் அடியோடு நின்ற வீட்டாருக்கும் பெண்களுக்கும் பாதிப்பு பல மடங்கு கூடுதல். படகும் வலையும் திரும்பக் கிடைத்த வீடும், எதுவும் கிடைக்காத வீடும் ஒரே மாதிரி தேறவில்லை. கவுன்சலிங் கொடுக்கப் போன நாங்களே பல இடங்களில் கட்டுமரம் எப்போது வரும் என்ற கேள்விக்குத்தான் பதில் தேடிக்கொண்டிருந்தோம்.

இடம்பெயர்ந்த குடியிருப்பு இன்னொரு கதை. கரையிலிருந்து தள்ளிக் கான்கிரீட் வீடு கொடுத்தார்கள், பாதுகாப்பு கிடைத்தது. ஆனால் கடல் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் காற்று எப்படி, தண்ணீர் எப்படி என்று பார்க்க முடியாது. பக்கத்து வீட்டில் யார் என்பதையும் பட்டா முடிவு செய்தது. சாயங்காலம் வலை பின்னியபடி பேசிக்கொண்டிருந்த கூட்டம் கலைந்துவிட்டது. இந்த இழப்பை எந்த நிவாரணப் படிவத்திலும் எழுத இடமில்லை.

சிப்காட் பக்கம் ராத்திரி ஒரு நாற்றம் வருகிறது, தலைவலி, குமட்டல். சொன்னால் "மனப்பிரமை" என்கிறார்கள். நீங்களும் எல்லாவற்றுக்கும் மனசுதான் காரணம் என்பீர்களா?

மாட்டேன். இந்தப் பக்கத்தில் நான் எழுதியதை யாராவது அதற்குப் பயன்படுத்தினால் அது என் கருத்து இல்லை. நாற்றம் வந்தால் நாற்றம் இருக்கிறது. 2004-லேயே கடலூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள கிராமத்து மக்கள், எளிய வாளிக் கருவியில் காற்று மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, அதில் நச்சு ரசாயனங்கள் இருப்பதை வெளிப்படுத்தியவர்கள். அதற்கு முன் அவர்களிடமும் மனப்பிரமை என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

தேதி, நேரம், காற்று எந்தத் திசை, என்ன மாதிரி வாசனை (அழுகிய முட்டை, நெயில் பாலிஷ், வேக வைத்த முட்டைக்கோஸ்), யாருக்கு என்ன தொந்தரவு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். நான்கைந்து வீடு சேர்ந்து எழுதுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்கும் அதன் நகலோடு போங்கள். புகை நுரையீரலைக் கெடுப்பது ஒரு பக்கம். சொன்னால் யாரும் நம்புவதில்லை என்பது தனியாக ஒரு நோயைக் கொடுக்கும். சேர்ந்து எழுதும்போது இரண்டாவதாவது குறைகிறது.

கணவர் குடிக்கிறார். சோற்றில் கலக்கும் மருந்து ஒன்று இருக்கிறதாமே?

கலக்காதீர்கள். அவருக்குத் தெரியாமல் கொடுக்கப்படும் அந்த மருந்து, மேலே சாராயமும் போனால் வாந்தி, ரத்த அழுத்தச் சரிவு, இதயக் கோளாறு என்று உயிருக்கே உலை வைக்கும். டாக்டர் அதே மருந்தை, குடிப்பவர் முழுச் சம்மதத்தோடு, பரிசோதனை செய்த பிறகுதான் தருவார்.

தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென்று ஒரே நாளில் நிறுத்துவதும் ஆபத்து. இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வலிப்பு, இல்லாத பூச்சி ஊர்வதாகவும் ஆள் நிற்பதாகவும் தெரிவது இதெல்லாம் வரலாம். "பேய் பிடிச்சிடுச்சு" என்று மந்திரிக்கக் கூட்டிப்போய் நேரத்தை விட்டவர்கள் உண்டு. அது அவசரச் சிகிச்சைக்கு உரியது.

காரணம் கேட்டால், நம் பக்கத்தில் தனித்தனி ஆளின் பலவீனம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. எல்லைக்கு அந்தப் பக்கம் விலை குறைவு. சாராயக் கடைக்குப் புதுச்சேரி அரசே அனுமதி தருகிறது. ராத்திரி முழுக்கக் கடலில் நின்று வருபவருக்கு உடம்பு வலி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கையில் வேலை இல்லை, ஆட்கள் எல்லாரும் கரையில். அந்த இரண்டு மாதத்தில் எனக்கு வரும் அடிதடிப் புகார்கள் கூடும். மரக்காணத்தில் 2023-லும் கள்ளக்குறிச்சியில் 2024-லும் மெத்தனால் கலந்த சாராயத்தில் செத்தவர்கள் பெரும்பாலும் கூலிக்காரர்களே. காசுக்குத் தகுந்த விஷம்.

கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு குடியை விடுவதை நான் ஏளனம் செய்வதில்லை. ஊரறியச் சத்தியம் செய்தவனை ஊரே பார்த்துக்கொண்டிருக்கும். அது ஒரு பலம். கயிற்றை அவிழ்க்கும் நாளில்தான் சிக்கல். அந்த வாரம் டாக்டரிடம் போவதற்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துவையுங்கள். அடி விழுந்தால் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை: 181 பெண்கள் உதவி எண், எந்நேரமும்.

பிள்ளைகள் இதைப் பார்த்து வளர்கிறார்கள். அமெரிக்காவில் 1998-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, சிறுவயதில் வீட்டில் அடி, வசை, குடி, புறக்கணிப்பு என்று பலவற்றைச் சந்தித்தவர்களுக்கு, பெரியவர்களான பின் மனச்சோர்வும் குடியும் மட்டுமல்ல, இதய நோயும் நுரையீரல் நோயும்கூட அதிகம் என்று காட்டியது.

சாமி வந்திருக்கிறது, காத்து கருப்பு என்கிறார்கள். கோயிலுக்கோ தர்காவுக்கோ கூட்டிப் போவது தப்பா?

தப்பில்லை, சங்கிலி போடாதவரை. 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டியிருந்த மனநோயாளிகள் 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். கட்டிப் போடுவதும் அடிப்பதும் பட்டினி போடுவதும் சட்டப்படி குற்றம்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் தமிழகத்தில் வேலாயுதம்பாளையம்புதூர் என்ற ஊரின் கோயிலில் தங்கிய 31 மனநோயாளிகளைக் கவனித்து 2002-ல் எழுதினார்கள். மருந்தில்லாமல் சில வாரங்கள் அங்கே தங்கியவர்களின் நோய்க்குறிகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. பூசை நடந்தது கொஞ்சம்தான். கூட வீட்டார் ஒருவர் தங்கினார், யாரும் ஏசவில்லை, சின்னச் சின்ன வேலை கொடுத்தார்கள். சிறிய ஆய்வு, அதை வைத்து மாத்திரையை நிறுத்தச் சொல்ல முடியாது. ஆனால் நம் வார்டுகளில் இந்த மூன்றில் எத்தனை இருக்கிறது என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

விபூதியும் வையுங்கள், மாத்திரையும் கொடுங்கள். ஒன்றுக்காக மற்றொன்றை நிறுத்தாதீர்கள்.

வெள்ளைப்படுதல் என்று எத்தனையோ மருந்து சாப்பிட்டேன். போகவில்லை. உடம்பு உருகிப்போகிறது.

தொற்று இருக்கிறதா என்று ஒரு முறை சரியாகப் பரிசோதிக்க வேண்டும். அரிப்பு, துர்நாற்றம், அடிவயிற்று வலி இருந்தால் கண்டிப்பாக. இவை இல்லாமல் அசதி, இடுப்பு வலி, தூக்கமின்மையோடு இந்தக் குறை நீண்டால் மனதையும் பார்க்க வேண்டும். கோவாவில் மனநல மருத்துவர் விக்ரம் படேலும் அவர் குழுவினரும் செய்த ஆய்வில், இந்தப் புகார் கிருமித் தொற்றைவிட மனச்சோர்வோடும் வீட்டுச் சூழலோடும்தான் அதிகம் பொருந்தியது. கணவனின் அடி, கடன், ஓய்வே இல்லாத வேலை என்று வாய்விட்டுச் சொல்ல முடியாத பெண், டாக்டரிடம் சொல்லக்கூடிய ஒன்றைச் சொல்கிறாள்.

ஆண்களுக்கு இதே இடத்தில் நிற்பது "நரம்புத் தளர்ச்சி". பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவரில் லாட்ஜ் அறை எண்ணோடு நோட்டீஸ் ஒட்டியிருக்கும் சமாச்சாரம். விந்து போனால் உடம்பு கெட்டுப்போகும் என்பது மருத்துவப்படி பொய். அந்தப் பயத்தை வைத்து ஆயிரக்கணக்கில் லேகியம் விற்கிறார்கள்.

சாதிக்கும் ஆரோக்கியத்துக்கும் என்ன சம்பந்தம்? நோய் சாதி பார்த்தா வருது?

கிருமி பார்ப்பதில்லை. கிருமி வரை ஒருவர் போய்ச் சேரும் பாதை பார்க்கிறது. ஊர்த் தெருவில் குழாய்த் தண்ணீரும் காலனியில் லாரித் தண்ணீரும்; சாக்கடைக்குள் யார் இறங்குகிறார்கள்; ஆரம்ப சுகாதார நிலையத்தில் யாரை "நீ, வா, போ" என்கிறார்கள். 2022-ல் வெளியான ஓர் ஆய்வு ஒன்பது வட, கிழக்கு மாநிலங்களின் தரவை எடுத்துப் பார்த்தது. உயர்சாதி இந்துக்களைவிடப் பழங்குடியினரின் ஆயுள் 4 வருடத்துக்கு மேலும் தலித்துகளின் ஆயுள் 3 வருடத்துக்கு மேலும் குறைவு. முஸ்லிம்களுக்கு ஏறக்குறைய ஒரு வருடம். வசதிக் குறைவை மட்டும் வைத்து இந்த இடைவெளியை முழுசாக விளக்க முடியவில்லை. தமிழகம் அந்த ஒன்பதில் இல்லை. இல்லை என்பதற்காக நாம் நிம்மதிப் பெருமூச்சு விட, நான் பார்த்த எதுவும் இடம் கொடுக்கவில்லை. ஒரு டம்ளரை எங்கே வைக்க வேண்டும் என்று தினமும் யோசிக்க வேண்டியிருப்பது ரத்த அழுத்தத்துக்கு நல்லதில்லை.

என் பிள்ளை திருநங்கை என்று சொல்கிறாள். "மாற்றித் தருகிறேன்" என்கிறார் ஒரு டாக்டர். போகலாமா?

போகாதீர்கள். அப்படிச் செய்வதைத் தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் தொழில்முறை ஒழுங்கீனம் என்று அறிவித்துவிட்டது. அதற்கு முந்தைய வருடம் சென்னை உயர் நீதிமன்றம் தடை செய்தது.

திருநங்கைகளிடம் மனச்சோர்வு அதிகம் என்பது உண்மை. அந்தச் சோர்வு பிறவியில் வருவதல்ல. வீட்டை விட்டுத் துரத்துவது, பள்ளியில் கேலி, வாடகைக்கு வீடு மறுப்பு என்று சேர்ந்து வருவது. சித்திரையில் கூவாகம் கூத்தாண்டவர் கோயிலுக்கு வரும் கூட்டத்தில் பேசிப் பார்த்தால், பெற்றவர்கள் ஏற்றுக்கொண்ட பெண்ணுக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசம் முகத்திலேயே தெரியும். தமிழகத்தில் நலவாரியம் 2008-லிருந்தே இருக்கிறது. அடையாள அட்டைக்கு மாவட்ட சமூகநல அலுவலகம். அட்டையைவிட முதலில் தேவை, வீட்டில் அவளுக்கு ஒரு தட்டுச் சோறு.

அப்பாவுக்கு பிரெஞ்சு பென்ஷன், சொந்த வீடு, ஆள் வைத்துச் சமையல். நாங்கள் பாரிஸில். பணத்துக்குக் குறையில்லை, ஆனால் நாளுக்கு நாள் மெலிகிறார்.

சொல்தா வீடுகளில், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களின் வீடுகளில், நிறையப் பார்க்கிறேன். சாப்பாடு மேசையில் இருக்கும், எதிரே ஆள் இருக்காது. 148 ஆய்வுகளை, 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விவரங்களோடு, சேர்த்துப் பார்த்த 2010-ஆம் ஆண்டு அலசல் ஒன்று, உறவும் பழக்கமும் வலுவாக உள்ளவர்கள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் கூடுதல் என்றது. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலைவிட, தினமும் சாயங்காலம் கடற்கரைச் சாலையில் கூட நடக்க ஒருவர் கிடைப்பது பெரிது. மெலிவதற்கு வேறு காரணமும் இருக்கலாம்: புற்றுநோய், காசநோய், பல் கோளாறு. முதலில் முழுப் பரிசோதனை. முதியோர் உதவி எண் 14567.

தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே விதைத்ததாகாதா?

ஆகாது. கேட்பதால் எண்ணம் வருவதில்லை. பெரும்பாலானவர்களுக்கு, அப்பாடா ஒருத்தராவது கேட்டார்களே என்றுதான் இருக்கும். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். பதில் ஆம் என்றால் தனியாக விடாதீர்கள், புத்திமதி சொல்லாதீர்கள், ஆபத்தான பொருட்களை வீட்டிலிருந்து அகற்றுங்கள், அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

2022 தேசியக் குற்ற ஆவணக் கணக்கில் தற்கொலையின் நாட்டுச் சராசரி ஒரு லட்சம் பேருக்கு 12.4, புதுச்சேரியில் 29.7. பல வருடங்களாக நாம் பட்டியலின் மேல்பகுதியில்தான் இருக்கிறோம். இதைக் குடும்ப மானப் பிரச்சினையாக மூடி வைக்கும் கட்டம் தாண்டிவிட்டது.

முயற்சி செய்து பிழைத்தவர் மேல் போலீஸ் கேஸ் வருமா?

ஆஸ்பத்திரியில் பதிவு செய்வார்கள், போலீசுக்குத் தகவல் போகும். அதற்குப் பயந்து தனியார் கிளினிக்காகத் தேடி அலைந்து நேரத்தை விடாதீர்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, அவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் பழைய 309-ஆம் பிரிவும் இல்லை.

வெறுமனே பேசினால் நோய் தீருமா? அதற்கு எதற்கு ஆள்?

மிதமான மனச்சோர்வுக்கு நன்றாகவே பலன் தருகிறது. பேசுபவர் பெரிய பட்டம் வாங்கியவராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஜிம்பாப்வேயில் சுகாதார நிலைய வாசலில் ஒரு மர பெஞ்சைப் போட்டு, பயிற்சி பெற்ற பாட்டிமார்களை உட்காரவைத்தார்கள். 2016-ல் வெளியான சோதனை முடிவில், அவர்களிடம் பேசியவர்களுக்கு மனச்சோர்வு தெளிவாகக் குறைந்தது. கோவாவிலும் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள் ஆறு முதல் எட்டு முறை பேசியதில் பலன் கிடைத்தது. இந்தப் பாட்டிகள் ஆறுதல் சொல்வதோடு நிறுத்தவில்லை. பிரச்சினைகளைப் பட்டியல் போடவைத்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்து, இந்த வாரம் அதற்கு என்ன செய்வாய் என்று கேட்டார்கள். திண்ணை வைத்த ஊர்க்காரர்களான நமக்கு இது முடியாத காரியமா? "எல்லாம் சரியாப் போயிடும்" என்று முடிக்கும் நம் பழக்கம்தான் தடை.

கடுமையான நோய்க்கு, அதாவது காதில் குரல் கேட்பது, அதீத சந்தேகம், நாள்கணக்கில் சாப்பிடாதது போன்றவற்றுக்கு, மருந்து அவசியம்.

எங்கே போவது? எவ்வளவு ஆகும்? பைத்தியம் என்று பெயர் வந்துவிடாதா?

கடலூர் அரசு தலைமை மருத்துவமனை, சிதம்பரத்தில் உள்ள கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி, புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் மூன்றிலும் மனநலப் பிரிவு உண்டு. ஜிப்மரில் கூட்டம் அதிகம்; காலையிலேயே சீட்டு போட்டுவிட வேண்டும், பழைய சீட்டுகளையும் மாத்திரை அட்டையையும் மறக்காதீர்கள். மாவட்ட மனநலத் திட்டத்தில் டாக்டர்கள் வட்ட மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாளில் வருகிறார்கள். எந்த நாள் என்று உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். போனிலேயே பேச வேண்டும் என்றால் டெலி மனஸ், 14416: இலவசம், 24 மணி நேரமும், தமிழிலேயே பேசலாம்.

மற்ற நோய்களைப் போலவே மன நோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்று 2017 சட்டம் சொல்கிறது. உங்கள் விவரத்தை உங்கள் அனுமதியில்லாமல் யாருக்கும் சொல்லவும் கூடாது. ஊர் பேசத்தான் செய்யும், அதை நான் மறைக்கவில்லை. 2015-16 தேசிய மனநல ஆய்வில் பத்துப் பெரியவர்களில் ஒருவருக்கு மேல் ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. பேசுகிற ஊரிலும் அந்தக் கணக்குதான்.

மகன் அறையை விட்டே வருவதில்லை. டாக்டரிடம் வா என்றால் கத்துகிறான். நான் மட்டும் போய்ப் பேசலாமா?

தாராளமாக. முதல் தடவை வீட்டார் மட்டும் வருவது சகஜம், யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். எப்போதிலிருந்து, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, தனியாகப் பேசிக்கொள்கிறானா, குளிக்கிறானா, போன வருடம் எப்படி இருந்தான் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மனநல டாக்டரிடம் போகிறோம் என்பதை அவனிடம் மறைத்து, பொய் சொல்லி ஏமாற்றிக் கூட்டிப் போகாதீர்கள், அடுத்த முறை ஒருபோதும் வர மாட்டான். "உனக்குத் தூக்கம் வரலையே, அதுக்கு ஒரு தடவை பாத்துட்டு வரலாம்" என்பது பொய்யும் இல்லை, பெரும்பாலும் பலிக்கும். அவன் யார் பேச்சைக் கேட்பான் என்று யோசியுங்கள்: மாமாவா, பழைய வாத்தியாரா, ஒரே பெஞ்சில் படித்த நண்பனா. அந்த ஆளிடம் முதலில் நீங்கள் பேசுங்கள்.